ஆறு பெடலும் ஆறு பென்ஸ் காசும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் எலக்ட்ரிக் கிடாருக்கு இதெல்லாம் வாங்கலாமா என்று கேட்டு நீ லண்டனிலிருந்து அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். டியூனர், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், கோரஸ், டிலே, ரிவெர்ப். கிடாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் வைத்துக் காலால் மிதிக்கும் ஆறு பெடல், அவற்றை வைக்க ஒரு போர்டு, ஒரு பவர் சப்ளை. உன் அம்மா விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "கிடார் வாசிக்கிறாளா, சீர்வரிசை வைக்கிறாளா?" என்றாள். உன் சம்பளம், உன் கிடார். நீ கேட்டதால் சொல்கிறேன்.

முதலில் கம்பியை மீட்டும் பிக்கை மாற்று. இங்கிருந்து கொண்டுபோன அந்த மெல்லிசு பிக்கைத்தானே இன்னும் வைத்திருக்கிறாய்? அக்கூஸ்டிக்கில் கார்டு வாசிக்க அது சுகமாக வளைந்து கொடுக்கும். எலக்ட்ரிக்கில் ஒற்றைக் கம்பியில் வேகமாகப் போனால், வளைந்த பிக் நிமிர்வதற்குள் அடுத்த நோட் வந்து நிற்கும். போன வாரம் தாளத்தைப் பிடிக்க முடியவில்லை என்று அழுதாயே, பாதிக் குற்றம் பிக்கின் மேல்தான். டன்லப் கம்பெனியின் டார்டெக்ஸ் பிக்குகளில் நிறத்தைப் பார்த்தே கனம் சொல்லிவிடலாம்: மஞ்சள் 0.73 மி.மீ., பச்சை 0.88, நீலம் 1. மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கி, ஒரே பாட்டை மூன்றாலும் வாசித்துப் பார். எனக்குப் பச்சை. உனக்கு எதுவென்று உன் மணிக்கட்டுதான் சொல்ல வேண்டும். அப்புறம் அதே பிக்கைத் திருப்பி, கூர்முனையை விட்டு உருண்டையான மூலையால் வாசி. கீச்சு போய்ச் சத்தம் கனத்து வரும். அமெரிக்க ப்ளூஸ் கிடாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் அப்படி வாசித்தவர்தான். எங்கள் காலத்தில் திருச்சியில் பிக் தொலைந்தால், பிளாஸ்டிக் டப்பா மூடியை வெட்டிச் சிமெண்ட் தரையில் தேய்த்துக்கொள்வோம். அதிலும் கச்சேரி நடந்தது.

பெடலுக்கு வருகிறேன். சுருதி பார்க்கும் டியூனர் கட்டாயம் வேண்டும், அதில் பேச்சே இல்லை. சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் ஒன்று வாங்கு. கெயினை, அதாவது கரகரப்பின் அளவை, குறைவாக வை. சுத்தமான சத்தம் வேண்டும்போது பெடலை அணைக்காதே, கிடாரின் வால்யூமைக் கொஞ்சம் இறக்கு. கரகரப்பு தானாக அடங்கும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் இன்னும் முரட்டுக் கரகரப்புத் தரும் டிஸ்டார்ஷன் பெடலை நீ தேடவே மாட்டாய். பெரிய கூடத்தில் வாசிப்பதுபோல் முழங்கவைக்கும் ரிவெர்ப் உன் ஆம்பிலேயே, அதாவது ஒலிபெருக்கியிலேயே இருக்கிறது. ஒரு கிடாரைப் பல கிடார்போல் கேட்கவைக்கும் கோரஸ் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெல்லிசைக் குழுவில் இருந்த நாளெல்லாம் அதை மிதித்தபடியே வாசித்தவன் நான். ஆனாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதிரொலி தரும் டிலே வாங்கினால் ஓவர்டிரைவுக்குப் பின்னால் வை. முன்னால் வைத்தால் எதிரொலியையும் சேர்த்து அரைத்துச் சட்னியாக்கிவிடும்.

கரண்டு விஷயத்தில் மட்டும் அப்பா சொன்னதைக் கேள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், அடாப்டர் பின்னின் நடுவில் மைனஸ். 96இல் ஒரு கல்யாண வரவேற்பில், அவசரத்துக்குக் கீபோர்டுக்காரரின் அடாப்டரைப் பிடுங்கி என் டிலேயில் செருகினேன். அது 12 வோல்ட், நடுவில் பிளஸ். பொண்ணு மாப்பிள்ளை மேடையேறும் நேரத்தில் என் காலடியில் புகை. மூன்று மாதச் சம்பளத்தில் வாங்கிய பெடல். இன்னமும் பீரோவில் கிடக்கிறது, தூக்கிப்போட மனசு வரவில்லை. பேட்டரி போட்டிருந்தால், வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கைப் பிடுங்கிவிடு. பெடலை அணைத்தால் போதாது. ஜாக் உள்ளே இருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டேதான் இருக்கும்.

குவீன் ராக் குழுவின் கிடாரிஸ்ட் பிரையன் மே உன் லண்டன்காரர்தானே. 1963இல், பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, அப்பாவும் மகனுமாக உட்கார்ந்து ஒரு கிடாரைச் செய்யத் தொடங்கினார்கள். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மேல் இருந்த மரம், சுருதியை ஆட்டும் டிரெமலோவுக்கு மோட்டார்சைக்கிள் ஸ்பிரிங், கழுத்தில் விரலுக்கு இடம் காட்டும் ஃபிரெட் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துப் பொத்தான்கள். இரண்டு வருடம் ஆயிற்று. அதைத்தான் வாழ்நாள் முழுக்க வாசிக்கிறார். வாக்ஸ் ஏசி30 ஆம்ப், அதற்கு முன்னால் கீச்சு ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் ஒரு டிரெபிள் பூஸ்டர், அவ்வளவில் அந்தச் சத்தம் பிறந்துவிட்டது. பிக்? பழைய பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் காசு. பிளாஸ்டிக் வளைகிறது என்று காசுக்கு மாறினாராம். காசின் விளிம்பில் இருக்கும் பல் கம்பியில் உரசும்போது ஒரு மெல்லிய கரகரப்பு கேட்கும், அடுத்த முறை கவனித்துக் கேள்.

அந்தக் காசு 1980இலேயே செல்லாமல் போய்விட்டது. ஆனால் பழைய நாணயக் கடைகளில் கிடைக்குமாம், விலையும் அதிகமில்லையாம். எனக்கு இரண்டு வாங்கி வை. பொங்கலுக்கு வரும்போது கொண்டுவா. கம்பி சீக்கிரம் தேயும் என்கிறார்கள். தேய்ந்தால் தேயட்டும், ஒரு செட் கம்பியும் சேர்த்து வாங்கிக்கொள், பத்தாம் நம்பர் கனம்.

அம்மா கேட்கச் சொன்னாள்: குளிருக்குக் கையுறை வாங்கினாயா? விரல் விறைத்துப்போனால் எந்தப் பிக்கும் நிற்காது.

அன்புடன்,
அப்பா