தளிப் பக்கம் நிலம் விற்கப் போகும் நண்பனுக்கு

கிருஷ்ணகிரி

மாப்ள,

உன் கடிதம் கிடைச்சது. இங்கே வெயில் ஏறிடுச்சு, மாம்பிஞ்சு பாதி உதிர்ந்துடுச்சு, மிச்சம் உள்ளதுக்கு விலை பேச ஆள் வர ஆரம்பிச்சாச்சு. பெங்களூரு வேலையை விட்டுட்டு ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் பெரிய பண்ணை நிலம், தோட்ட வீடு விற்கிற தொழிலுக்கு வரப் போறேன்னு எழுதியிருக்கே. நல்ல காரியம். ஆனா நீ கேட்ட கேள்வி எல்லாமே டிரோன் படம், விளம்பரம், பணக்காரனை எங்கே பிடிக்கிறதுன்னுதான் இருக்கு. அது கடைசி வேலை.

அமெரிக்காவில் ராஞ்ச், அதாவது பெரிய மேய்ச்சல் பண்ணை, விற்பவர்களைப் பத்தி எழுதியிருந்தே. அங்கே நில விற்பனைக்கென்றே தனிப் பயிற்சி, தனிப் பட்டம் உண்டு. டெக்சாஸில் மேல்மண் ஒருத்தருக்கும் அடியில் உள்ள எண்ணெய் உரிமை இன்னொருத்தருக்கும் சொந்தமா இருக்கலாம், அதனால் தரகருக்கு அதெல்லாம் தெரிஞ்சாகணும். நம்ம ஊரில் எண்ணெய் கிடையாது. ஆனா ஒரே தோப்பில் மண் ஒருத்தன் பேரில் இருக்கும், மாங்காய் குத்தகைக்காரன் கையில் இருக்கும், கிணற்றில் நாலில் ஒரு பாகம் பங்காளிக்குப் போகும், உள்ளே போற வழி பக்கத்துக் கொல்லைக்காரன் தயவில் கிடக்கும். இந்த நாலையும் பிரிச்சுப் படிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் இங்கே தொழில். மலைச்சரிவும் காலைப் பனியும் வாங்குறவன் கண்ணுக்கே தெரியும், அதைக் காட்ட நீ வேண்டாம்.

முதலில் அளவுக் கணக்கு. பட்டாவில் ஹெக்டேர், ஏர் (நூறு ஏர் ஒரு ஹெக்டேர்) கணக்கு இருக்கும், 0-40.50 என்றால் ஒரு ஏக்கர். விற்கிறவன் ஏக்கர், செண்ட் என்பான். பெங்களூரிலிருந்து வர்றவன் குண்டாவில் கேட்பான். 40 குண்டா ஒரு ஏக்கர், ஒரு குண்டா இரண்டரை செண்ட். "இருபது குண்டா வேணும்" என்றால் 50 செண்ட் கேட்கிறான். பத்திரத்தில் உள்ள ஏக்கர், பட்டாவில் உள்ள ஹெக்டேர், வேலிக்குள் இருக்கிற நிலம் மூணும் ஒத்துப்போறது அபூர்வம். விலை பேசுறதுக்கு முன்னாடியே எந்த அளவுக்குப் பணம் என்று எழுதி வாங்கிடு. அளந்து வந்த அளவுக்குத்தான் பணம் என்பது என் கட்சி.

காகிதத்தில் இறங்குற வரிசை இப்படி. சர்வே எண்ணும் உட்பிரிவும் வாங்கிக்கோ. பட்டா சிட்டா, நில வகை எழுதியிருக்கிற 'அ' பதிவேடு, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம் மூணும் இணையத்திலேயே எடுக்கலாம். 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பார்: புஞ்சையா, நஞ்சையா, இல்லை புறம்போக்கா. நிபந்தனைப் பட்டா, பஞ்சமி நிலம், பூமிதான நிலம், கோயில் இனாம் என்று வாசனை அடிச்சாலே கையை எடுத்துடு. எவ்வளவு மலிவா வந்தாலும் சரி. பஞ்சமி நிலம் பட்டியல் சமூகத்தாருக்குக் கொடுத்தது, கை மாறி எத்தனை வருஷம் ஆனாலும் வேறு ஆள் பேரில் நிக்காது. அப்புறம் வில்லங்கம். 1975-லிருந்து பெரும்பாலும் கணினியில் கிடைக்கும், அதுக்கு முன்னாடி உள்ளதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடணும். தேடு. 1980-களில் நிலப் பதிவேட்டைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். வேலையில் பேர் மாறிப்போன நிலம் இந்தப் பக்கம் நிறைய. பத்திரம் அண்ணன் பேரில், பட்டா தம்பி பேரில் இருக்கும். அந்தத் திருத்தம் மாவட்ட வருவாய் அலுவலர் வரைக்கும் போகும், மாசக் கணக்கில் இழுக்கும். வாங்குறவன் கிட்ட அதை முதல் நாளே சொல்லிடு.

வியாபாரம் உடையுற இடம் பெரும்பாலும் வாரிசுதான். பாட்டன் சொத்தை மூணு அண்ணன் தம்பி கையெழுத்துப் போட்டு விற்க வருவாங்க, அக்கா தங்கச்சி பேச்சே இருக்காது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-லிருந்து, அன்றைக்குக் கல்யாணம் ஆகாத பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது. 2005 செப்டம்பர் 9 மத்தியச் சட்டத் திருத்தத்தில் கல்யாணம் ஆனவளுக்கும் வந்தது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு. அதனால் வாரிசுச் சான்றிதழைக் கையில் வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு பேருக்கும் எதிரே "வருவாரா, கையெழுத்துப் போடுவாரா" என்று எழுது. "தங்கச்சி ஒண்ணும் கேக்காது சார்" என்று சொன்னா, அந்தத் தங்கச்சி வீட்டுக்கு நேரே போய்ப் பேசு. மைனர் பங்கு இருந்தா, முழுச் சொத்தும் அப்பா சுயமா சம்பாதிச்சதா, பூர்வீகமா என்பதை வக்கீலே முடிவு பண்ணணும். சிறுவன் சொந்தப் பேரில் உள்ளதை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. விற்றா, மேஜர் ஆனப்புறம் வந்து ரத்து செய்யச் சொல்வான்.

அடுத்தது வழி. புலப்படத்தில் வண்டிப்பாதை கோடு சர்வே எண் வரைக்கும் வந்து நிக்குதா பார். வரலைன்னா முன்பத்திரத்தில் "மாமூல் வழித்தட பாத்தியம்", அதாவது வழக்கமாப் போய்வர்ற உரிமை, என்று யாருடைய நிலத்தில், எத்தனை அடி அகலம் என்று எழுதியிருக்கணும். மாட்டுவண்டி போன எட்டு அடித் தடத்தை நம்பி இன்னோவா காரில் வர்றவனுக்கு விற்காதே. வீடு கட்ட ஜல்லி லாரி வந்த அன்னைக்கே பக்கத்துக்காரன் கல் நட்டுடுவான். வழிக்குத் தேவையான துண்டை அவன் கிட்டேயே கிரயத்துக்கு வாங்கித் தனிப்பத்திரம் போட்டுட்டா நிம்மதி. கொஞ்சம் கூடத்தான் கேட்பான், கொடுக்கச் சொல்லு. புலப்படத்தைக் கையில் பிடிச்சு நாலு மூலையும் நட. எல்லைக்கல் கிடைக்கலைன்னா அத்துக் காட்ட, அதாவது எல்லையை அளந்து காட்ட, மனு போட்டு, பக்கத்துக்காரங்களை வெச்சுக்கிட்டே சர்வேயரை விட்டு அளக்கணும்.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், ஏன்னா இதில்தான் ஏமாத்து அதிகம். இங்கே எல்லாம் பாறை. 800, 1,000 அடி போர் சர்வசாதாரணம். நிலம் பார்க்க ஆள் வந்ததும் மோட்டாரைப் போட்டு "பாருங்க சார், ரெண்டு இஞ்ச் தண்ணி" என்று காட்டுவாங்க. ஆறரை இஞ்ச் போரில் ஒரு அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரை லிட்டர் நிக்கும். 500 அடி தண்ணீர் நின்னா 3,000 லிட்டருக்கு மேலே சும்மா தேங்கிக் கிடக்குது. முதல் கால் மணி நேரம் கொட்டுறது அதுதான். அதனால் குறைஞ்சது நாலு மணி நேரம் விடாம ஓட்டு. அதுக்கப்புறம் 200 லிட்டர் டிரம்மை வெச்சு எத்தனை நிமிஷத்தில் நிறையுதுன்னு பார். ஒரு நிமிஷம்னா மணிக்கு 12,000 லிட்டர். நாலு நிமிஷம்னா 3,000 தான், அஞ்சு ஏக்கர் தோப்புக்கும் வீட்டுக்கும் சொட்டு நீர் போட்டுச் சமாளிக்கலாம், புல்வெளிக்கு ஆகாது. இந்தச் சோதனையைச் சித்திரை, வைகாசியில் செய். கார்த்திகையில் எல்லா போரும் நல்ல போர்தான். கிணற்றில் முறைப் பாத்தியம் இருந்தா மாசம் எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று பத்திரத்தில் இருக்கிறபடியே வாங்குறவனுக்குக் காட்டிடு.

தர்மபுரிப் பக்கம் விற்கிறதுன்னா ஃபுளோரைடு பார்க்காமல் விற்காதே. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தா நல்லது, 1.5-க்கு மேல் போனா குடிக்க ஆகாது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே அதுக்காகத்தான் வந்தது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தா முடிவு எழுத்தில் கிடைக்கும், அதைக் கோப்பில் வை.

கரண்டையும் மறைக்காதே. போர் மோட்டாருக்கு உள்ளது இலவச விவசாய இணைப்பு. அந்த வயரிலேயே வீட்டுக்கு இழுத்து, நீச்சல் குளத்துக்கும் தண்ணீர் விட்டா மின்வாரியம் அபராதம் போடும். வீட்டுக்குத் தனி இணைப்பு வாங்கணும். கம்பம் எத்தனை நட வேண்டி வரும் என்று முன்னாடியே விசாரிச்சு வை.

மாந்தோப்பு விற்கும்போது குத்தகை இருக்கான்னு கேள். பெங்களூரா, செந்தூரா எந்த ரகமானாலும் பூ விட்டதுமே, சில சமயம் ரெண்டு மூணு வருஷத்துக்குச் சேர்த்தே, வியாபாரி கையில் கொடுத்திருப்பாங்க. கிரயம் முடிச்ச பிறகு குடும்பத்தோடு மாங்காய் பறிக்க வர்றவன், தோப்புக்குள் வேற ஆள் காவல் இருக்கிறதைப் பார்ப்பான். கல்டார் என்கிற வளர்ச்சி அடக்கும் மருந்தை ஊத்திக் காய்க்க வெச்ச தோப்பான்னும் கேள். வருஷா வருஷம் அளவில்லாம ஊத்தினா மரம் சோர்ந்துபோகும், நுனிக்கிளை குட்டையா, இலை கொத்துக்கொத்தா இருக்கிறதை வெச்சே கண்டுபிடிக்கலாம்.

காட்டோர நிலத்துக்குத்தான் இப்போ மவுசு, விலையும் அதுக்குத்தான். தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் ராகி கதிர் பிடிக்கிற காலத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானை இறங்கும். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் இரவில் தோட்ட வீட்டில் தங்கினா வெளியே நடமாட்டம் கூடாது. இதைச் சொன்னா வாங்க மாட்டான்னு பயப்படாதே, சொல்லாம விற்றா அடுத்த வருஷமே உன் மேல் பழி விழும். கரண்ட் வேலிப் பேச்சு வந்தா கறாரா நில்லு. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளிப் பக்கம் சட்டவிரோத மின்வேலியில் மூணு யானை செத்துது, ஞாபகம் இருக்கும். சூரிய வேலியானாலும் காட்டோரத்தில் வனத்துறையில் பதியணும். 1949-ம் வருஷ தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வர்ற நிலமானா, விற்கவும் மரம் வெட்டவும் ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேணும். அழகான பாறைக் குன்று பக்கத்தில் இருந்தா, அதில் கல்குவாரிக்கு மனு ஏதும் இருக்கான்னு கனிமவளத் துறையில் கேட்டுக்கோ.

வாங்குற ஆளைப் பத்தி ரெண்டு விஷயம். கர்நாடகத்தில் 2020 வரைக்கும் விவசாயி இல்லாதவர் நிலம் வாங்கத் தடை இருந்தது, நம்ம பக்கம் அப்படி இல்லை, அதனால்தான் இத்தனை வருஷமா எல்லை தாண்டி இங்கே வந்தாங்க. ஆனா வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. வாரிசா வந்தா வெச்சுக்கலாம். அமெரிக்காவில் இருக்கிற பையன் பணம் போட்டு அப்பா பேரில் வாங்குறேன் என்று வந்தா, பேச்சை வளர்க்காமல் அவங்க ஆடிட்டர் கிட்ட அனுப்பு. ஐம்பது ஏக்கர் ஒரே பேரில் வேணும்னு வர்றவனுக்கு நில உச்சவரம்பைச் சொல்லு: அஞ்சு பேர் உள்ள குடும்பத்துக்கு 15 தர ஏக்கர். தர ஏக்கர் நிலத்தின் தீர்வையை (நில வரியை) பொறுத்து மாறும், அதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கணக்குப் போட்டுத்தான் பேசணும்.

பத்து செண்ட், இருபது செண்டாகத் துண்டு போட்டு நடுவில் மண் ரோடு விட்டு "மேனேஜ்டு ஃபார்ம்லேண்ட்" (கம்பெனியே பராமரிக்கிற பண்ணை நிலம்) என்று விற்கச் சொல்லி உன்னைக் கூப்பிடுவாங்க. கமிஷன் அதில் ஜாஸ்தி. அங்கீகாரம் இல்லாத மனையாக் கண்டா பதிவே மறுப்பாங்க, வீட்டுக்கு அனுமதியும் கிடைக்காது. மனைப்பிரிவு விற்கிறதா இருந்தா ரேராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) முகவராப் பதிஞ்சுட்டு, அங்கீகாரம் பெற்றதை மட்டும் விற்கணும். ஓசூருக்கு விமான நிலையம் வருது என்று சொல்லி விற்காதே. 2024 ஜூனில் 2,000 ஏக்கரில் என்று சட்டமன்றத்தில் அறிவிச்சதிலிருந்து விலை பறக்குது. ஆனா எடுக்கப்போறது நீ விற்கிற நிலமாவே இருக்கலாம்.

பணக் கணக்கு. அஞ்சு ஏக்கர், ஏக்கர் 60 லட்சம்னு வெச்சுக்கோ, 3 கோடி. முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக ஒன்பது சதவீதம், 27 லட்சம் வாங்குறவன் கூடுதலாக் கொண்டுவரணும். இதை முன்னாடியே சொல்லாததாலேயே கடைசி வாரத்தில் முறியும். கிரய ஒப்பந்தத்தையும் பதிவு பண்ணு, 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம். முன்பணம் ரொக்கமா 20,000 ரூபாயோ அதுக்கு மேலோ வாங்கினா வாங்கின அளவுக்கே அபராதம் வரலாம். உனக்கு ஒரு சதவீதம்னா 3 லட்சம், ரெண்டு பக்கமும் கொடுத்தா ஆறு. ஆனா இந்த மாதிரி நிலம் முடிய ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகும். வருஷத்துக்கு மூணு முடிச்சாலே நல்ல ஆள். அதனால் ஒன்றரை வருஷச் செலவுப் பணம் கையில் இல்லாம வேலையை விடாதே. நடுவில் நிக்கிற ஆள் எல்லாம் பங்கு கேட்பான். யாருக்கு எவ்வளவுன்னு நிலம் காட்டுறதுக்கு முன்னாடியே பேசிடு. மேலே விலை வெச்சு வித்தியாசத்தை எடுக்கிற பழக்கம் இங்கே உண்டு. விற்கிறவனும் வாங்குறவனும் பதிவு அன்னைக்கு ஒரே பெஞ்சில்தான் உட்காருவாங்க, எப்படியும் தெரிஞ்சிடும்.

மாவட்டம் பூராச் சுத்தாதே. ஒரு பிர்க்கா (வருவாய் ஆய்வாளர் எல்லை), அதில் எட்டுப் பத்துக் கிராமம் போதும். அங்கே உள்ள சர்வேயர், போர் வண்டிக்காரர், மாங்காய் குத்தகைக்காரர், பத்திர எழுத்தர் நாலு பேரும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். தளிப் பக்கம்னா தெலுங்கும் கன்னடமும் பேசப் பழகு, விலை அந்த மொழியில்தான் இறங்கும். டிரோன் ஆசை இன்னும் போகலைன்னா, பெலகொண்டப்பள்ளி ஓடுதளம் பக்கத்தில் இருக்கு, அரசோட டிஜிட்டல் ஸ்கை டிரோன் வரைபடத்தில், தனி அனுமதி இல்லாமல் பறக்கவிடலாம் என்கிற பச்சை மண்டலமான்னு பார்த்துட்டு விடு.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் உனக்கு ஒருத்தர் காட்டின அஞ்சு ஏக்கரின் சர்வே எண்ணை உட்பிரிவோடு எழுதி அனுப்பு. படம் வேண்டாம். வைகாசிக்குள் வந்தா மோட்டாரை ஓட்டிப் பார்த்துடலாம், டிரம் என் வீட்டிலேயே இருக்கு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்