எட்டுப் போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள காரவள்ளிக்கு அருகே இருசக்கர வாகனங்களைப் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். மலைச் சாலையில் விபத்து நேரும்போதெல்லாம் அதிவேகம், மது, தலைக்கவசம் அணியாமை ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், எந்த இடத்தில் எந்த கியரில் செல்ல வேண்டும் என்று தெரியாமலேயே உரிமம் பெற்றுவிடுகிறவர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கென்று ஓட்டுநர் உரிமத்தில் தனி வகையே இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி, தேர்வுக்கு வருபவர் செய்துகாட்ட வேண்டியவற்றைப் பட்டியலிடும்போது, போக்குவரத்து நிலைமைக்கேற்ப டாப் கியரிலிருந்து விரைவாகக் கீழ் கியருக்கு மாறுவதையும், இறக்கத்தில் கியரைக் குறைப்பதையும், செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளவிடாமல் மீண்டும் கிளப்புவதையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. நடைமுறையில், சமதளத்தில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுவிட்டால் பெரும்பாலும் தேர்வு முடிந்துவிடுகிறது. அந்த எட்டை ஒரே கியரில், நடை வேகத்தில் சுற்றி வந்துவிடலாம். ஆகவே கியரைப் பற்றிய கல்வி அண்ணன்மாரிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும்தான் கிடைக்கிறது. அதில் பாதி தவறானது.

அந்தத் தவறுகளில் முதலாவது, சீக்கிரம் டாப் கியருக்குப் போனால் பெட்ரோல் மிச்சமாகும் என்பது. சமமான சாலையில், சீரான வேகத்தில் அது ஓரளவு சரியே. ஏற்றத்தில் அதே பழக்கம் வண்டியைக் கொல்கிறது. நம் ஊர்களில் அதிகம் ஓடும் ஸ்பிளெண்டர் போன்ற நூறு சிசி வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் 97.2 சிசி இன்ஜின் தன் முழு இழுவிசையை, அதாவது சுமார் 8 நியூட்டன் மீட்டர் டார்க்கை, நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளில்தான் தருகிறது. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, மேட்டில் டாப் கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது இன்ஜின் அந்த 6,000-இல் பாதியைக்கூட எட்டியிருக்காது. வண்டி உதறும், ஓட்டுபவர் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்குவார், சத்தம் கனமாகுமே தவிர வேகம் கூடாது. குறைந்த சுற்றில் நிறைய எரிபொருளைத் திணிப்பதால் பிஸ்டன் மீதும் பேரிங் மீதும் ஒவ்வொரு வெடிப்பும் பலமாக அறைகிறது, சில வேளை உள்ளே தட்டும் சத்தமே கேட்கும். அந்த உதறல் செயின் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகிறது. கழற்றிப் பார்த்தால் அந்த உதறலைத் தாங்கும் டிரம் ரப்பர் கையில் உதிரும், செயின் ஓடும் ஸ்பிராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கும். இவ்வளவு செலவையும் பார்த்தால், மிச்சம் பிடித்த பெட்ரோலுக்கு என்ன கணக்கு?

புல்லட்டை ஓட்டிப் பழகியவர்கள் இந்தத் தவறைச் செய்வதில் வியப்பில்லை. புல்லட்டைத் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டின் 350 சிசி கிளாசிக் வண்டி 4,000 சுற்றிலேயே 27 நியூட்டன் மீட்டர் தருகிறது. குறைந்த வேகத்திலும் முனகாமல் இழுக்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே நூறு சிசி வண்டியில் காட்டினால் அது தாங்காது. சிறிய இன்ஜினைச் சற்றுச் சுழலவிட்டுத்தான் வேலை வாங்க வேண்டும். சத்தம் கூடினால் இன்ஜின் கெட்டுவிடும் என்ற பயத்தில் கியரைக் குறைக்க மறுக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பழைய நூறு சிசி வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு கியருக்கும் உரிய வேக எல்லையை ஸ்பீடோமீட்டரின் முகப்பிலேயே கோடிட்டுக் காட்டியிருப்பார்கள். சுற்றுகளைக் காட்டும் தனி மீட்டர் இல்லாத வண்டிக்கு அது நல்ல ஏற்பாடாக இருந்தது.

இரண்டாவது தவறு இறக்கத்தில் நடப்பது, உயிரையே வாங்கக்கூடியது. கொல்லிமலைச் சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தவர்கள், திரும்பி வரும்போது நியூட்ரலில் போட்டுவிட்டு, சிலர் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். கியரில் இருக்கும் வண்டியின் ஆக்சிலேட்டரை விட்டால் சக்கரம் இன்ஜினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் வேகம் தானாக அடங்கும். நியூட்ரலில் அந்தப் பிடி அறவே இல்லை; மலையின் முழுச் சரிவையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். டிரம் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ஷூவின் லைனிங் சூடேறி, கருகி, வழவழப்பாகிப் பிடிப்பை இழக்கும். டிஸ்க் பிரேக்கில் ஆயில் கொதித்து லீவர் தொளதொளவென்று உள்ளே போய்விடும். அடிவாரத்துக்கு வந்து சேரும் சில வண்டிகளின் பின் டிரம்மில் கைவைக்க முடியாது. கருகிய நாற்றம் கடை வாசல்வரை வரும். அவர்கள் வந்து சேர்ந்தவர்கள் என்பதே நல்ல செய்தி.

பெட்ரோலுக்காகவே இப்படிச் செய்வதாகச் சொல்கிறவர்களுக்கு ஒரு விவரம். 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பிஎஸ்-6 (புகை மாசுக்கான அரசு வரம்பு) வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டர் இல்லாமல் எரிபொருளை ஊசியால் பீய்ச்சுபவை. கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை முழுவதும் மூடி இறங்கும்போது இத்தகைய வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் பீய்ச்சுவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்க அது பெட்ரோலைக் குடிக்கும்.

எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரில் இறங்குங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இருசக்கர வண்டிக்கும் பொருந்தும். செங்குத்தான இடத்தில் இன்னும் ஒன்று குறைப்பதில் தவறில்லை. கியரைக் குறைக்க வேண்டிய இடம் வளைவுக்கு முன்னால். வண்டி சாய்ந்திருக்கும்போது கிளட்சைப் பிடித்தால் அந்த நொடியில் அது நியூட்ரலில் போவதற்குச் சமம். கியரைக் குறைத்துக் கிளட்சைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் இழுத்துக்கொள்ளும். மழையில் நனைந்த தாரில் அது வழுக்கலில் முடியும். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, கிளட்ச் பிடித்திருக்கும்போதே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி, பிறகு கிளட்சை மெதுவாக விட வேண்டும். இதைச் சொல்லித்தர ஒரு மணி நேரம் போதும்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் இதற்காகப் புதிய சட்டம் எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. மேலே குறிப்பிட்ட 15-ஆவது விதியை இருசக்கர வாகனத் தேர்வில் உண்மையாகவே நடத்தினால் போதும். தேர்வுத் திடலில் ஒரு சரிவுப் பாதை அமைத்து, அதில் நிறுத்திக் கிளப்புவதையும், கியரில் இறங்குவதையும் செய்துகாட்டச் சொல்லலாம். ஆடிப்பெருக்கை ஒட்டி மலைமேல் உள்ள செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும் நாட்களில் சமவெளியிலிருந்து ஏராளமான இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் மலையேறுகிறார்கள். அப்போதாவது சோளக்காட்டில், மலையை விட்டு இறங்கத் தொடங்கும் இடத்தில், நியூட்ரலில் இறங்காதீர்கள், இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று இருசக்கர வாகனத்தில் வருபவர்களுக்கென்றே பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்குமாறு மாவட்ட நிர்வாகத்தையும் நெடுஞ்சாலைத் துறையையும் தங்கள் இதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பழுதுநீக்குநர் ஒருவர்,
சேந்தமங்கலம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.