பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கைமாற்றும் முன்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். கணக்கு எழுதும் தொழிலை நிறுத்திவிட்டதால் உங்கள் கணினியைப் பக்கத்து வீட்டுப் பையனின் படிப்புக்குக் கொடுக்கப்போவதாகவும், டி டிரைவை ஃபார்மட் செய்துவிட்டதாகவும், அது போதும்தானே என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது. பலரும் இதையே கேட்பதால், பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் செய்தது விரைவு ஃபார்மட். பேரேட்டின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்தெறிந்தது போலத்தான் அது. உள்ளே எழுதிய பற்றும் வரவும் அப்படியே இருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் ஒன்றை ஓடவிட்டால், உங்கள் வாடிக்கையாளர்களின் பான் எண்களும் வங்கி விவரங்களும் வரிசையாக வந்து நிற்கும். சி டிரைவை நீங்கள் தொடவே இல்லை. டவுன்லோட்ஸ் கோப்புறையும் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் அங்கேதான் இருக்கின்றன. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் பயன்படுத்திய டிஸ்க்குகள் 158 வாங்கி ஆராய்ந்து, 2003 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றுள் இயங்கிய 129 டிஸ்க்குகளில் முறையாக அழிக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே.

கடைக்காரர் 35 முறை அழிக்க வேண்டும் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த எண் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996 இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது; அன்றைய பல வகை டிஸ்க்குகள் அனைத்துக்குமாகச் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. இன்றைய டிஸ்க்குக்கு அத்தனையும் வேண்டியதில்லை என்று அவரே பின்னால் எழுதிவிட்டார். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2014 இல் வெளியிட்ட வழிகாட்டியும், காந்தத் தட்டுள்ள இத்தகைய டிஸ்க்கில் ஒருமுறை சுழியங்களை முழுவதுமாக எழுதினாலே ஆய்வகத்தில்கூட மீட்பது கடினம் என்கிறது. 35 முறை என்பது, ஏற்கெனவே வயதான டிஸ்க்கைத் தேவையின்றி வதைப்பது.

எனக்குக் கவலை அந்த டிஸ்க்கின் உடல்நிலையைப் பற்றித்தான். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளிலிருந்து நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் மஞ்சள் நிற எச்சரிக்கை தெரிகிறது. 'கரன்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரியில் 10 என்று இருப்பதாகப் படித்திருக்கிறீர்கள். அந்த மென்பொருள் கடைசிப் பத்தியின் மூல எண்களை, நாம் மாற்றிவைக்காதவரை, பதினாறடிமான முறையில் காட்டும்; பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும் முறை அது. ஆகவே அது 16. அதாவது 16 செக்டர்களை (டிஸ்க் தன் பரப்பைப் பிரித்துவைத்திருக்கும் சிறு கட்டங்களை) டிஸ்க்கால் படிக்க முடியவில்லை. அவை கெட்டவையா, எழுதும்போது கரன்ட் போய் அரைகுறையாக நின்றவையா என்று அதற்கே இன்னும் தெரியாது. அந்த இடத்தில் புதிதாக எதையாவது எழுதும்போதுதான் தீர்ப்பு வரும்: எழுத்து ஒழுங்காகப் பதிந்தால் எண்ணிக்கை குறையும், பதியாவிட்டால் டிஸ்க் அந்த இடத்தைக் கைவிட்டு, சேமிப்பிலுள்ள மாற்று செக்டரைத் தந்து, 'ரீஅலொகேட்டட்' வரியில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். எனவே முழுவதும் அழிப்பதே முழுச் சோதனையும் ஆகிறது. அழிப்பதற்கு முன்னும் பின்னும் அந்த இரண்டு வரிகளையும் குறித்துவைத்து ஒப்பிட்டால், டிஸ்க்கின் வயது சொல்லாததை அந்த வித்தியாசம் சொல்லிவிடும். தரவு கடத்தும்போது நேர்ந்த பிழைகளை எண்ணும் சிஆர்சி பிழை வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் கேபிளின் கோளாறு. கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது, மேலும் ஏறுகிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

வெளி டிஸ்க்கில் படியெடுத்துவைத்த கோப்புகளை இன்றே ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். படிக்க முடியாத செக்டர்கள் உள்ள டிஸ்க்கிலிருந்து எடுத்த படியில் ஓட்டை இருக்கலாம். விரைவு ஃபார்மட் மட்டுமே ஆகியிருப்பதால், விடுபட்டதை இப்போது மீட்டுவிடலாம். அதுவரை கணினியை வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம்.

பிறகு பெட்டியை என்னிடம் கொண்டுவாருங்கள். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அதே விண்டோஸிலிருந்து அழிக்க முடியாது என்பதால், லினக்ஸ் உள்ள பென்டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, கெட்ட இடங்களைக் கண்டறியும் 'பேட்பிளாக்ஸ்' கருவியால் சுழியமும் ஒன்றுமான நான்கு வகைக் கோலங்களை டிஸ்க் முழுவதும் எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துச் சரிபார்ப்பேன். அழிக்க ஒருமுறை போதும்தான். இந்த நான்கும் சோதனைக்காக. உங்களுடையது 1 டெராபைட். வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். எழுதுவதும் படிப்பதுமாக எட்டுச் சுற்று என்பதால் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் ஓடும்.

பெண்டிங் எண் சுழியமாகி ரீஅலொகேட்டட் ஏறாதிருந்தால் பையனுக்குக் கொடுக்கலாம். ஏறினால் கொடுக்க வேண்டாம் என்பதே என் முடிவு. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. டிஸ்க் கைவிட்ட செக்டர்களைச் சாதாரணமாக மேலெழுதும் கருவிகள் எட்டுவதில்லை. உங்கள் வாடிக்கையாளரின் கணக்கு ஒரு துண்டாவது அங்கே மிஞ்சலாம். அடுத்தது, கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தன் டிஸ்க்குகளைக் கவனித்து 2007 இல் வெளியிட்ட ஆய்வு. டிஸ்க் தன் மேற்பரப்பைத் தானே வருடிப் பார்க்கையில் முதல் பிழை கண்டபின், அடுத்த 60 நாட்களுக்குள் அது செயலிழக்கும் வாய்ப்பு, பிழையில்லாதவற்றைவிட 39 மடங்கு என்று அதில் கண்டார்கள். அதே ஆய்வில், செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை என்பதும் உண்டு. ஆகவே தேறிவிட்டாலும், பாடக் குறிப்புகளுக்கு இன்னொரு படி வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

தேறாவிட்டால் தட்டுகளில் துளையிட்டு மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். பையனின் கணினிக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத டிஸ்க்) ஒன்று போட்டுக்கொள்ளலாம்; விலையில் பாதி என்னுடையது. மானிட்டரும் கீபோர்டும் இங்கே இருப்பதால், வரும்போது பெட்டியை மட்டும் எடுத்து வந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்