கமிட்டிக்குப் போகாத படிவம்

தெலுக் இந்தான்
நவம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீ, மருமகள், குட்டி மூவரும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். என் முழங்கால் வலி பழையபடிதான்.

வாட்ஸாப் இருக்கும்போது எதற்கம்மா கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்லத் தொடங்கினால் நடுவில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். மூன்று வாரமாக அப்படித்தான் நடக்கிறது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

முதலில், எப்போது ஓய்வு பெறுவீர்கள் என்று நீ கேட்டதற்குப் பதில். போன மாதம் எனக்கு 60 முடிந்தது. 2013-க்கு முன்னால் என்றால் 55-லேயே மாலை போட்டு அனுப்பியிருப்பார்கள். சட்டம் மாறியதால் ஐந்து வருஷம் கூடக் கிடைத்தது. கல்லூரி ஆபீஸ் வேலையை டிசம்பர் 31-ஓடு முடித்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "வீட்டைப் பூட்டிவிட்டு ஜொகூருக்கு வந்துவிடுங்கள்" என்றாய். வருவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைக்கு வயது 26. கணினியில் படு கெட்டி. நான் அரை நாள் தட்டுகிற சம்பளக் கணக்கை அவள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறாள். ஆனால் 15-ஆம் தேதி என்றால் என்ன என்று அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. சேமநிதிப் பணம் அன்றைக்குள் கட்டப்பட்டாக வேண்டும். ஆளிடம் பிடிப்பது 11 விழுக்காடு, கல்லூரி போடுவது 13. சம்பளம் 5,000 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டினால் கல்லூரியின் பங்கு 12 என்று ஒரு விதி உண்டு; நம் கல்லூரியில் அந்த விதிக்கு இதுவரை வேலை வந்ததில்லை. இந்த அக்டோபரிலிருந்து வெளிநாட்டு ஆட்களுக்கும் 2 விழுக்காடு பிடிக்க வேண்டும், கல்லூரியும் 2 போட வேண்டும். விடுதி கூட்டுகிற இந்தோனேசிய அக்கா சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் மேடானுக்குத் திரும்பிப் போனால் இது எனக்குக் கிடைக்குமா?" என்று மூன்று தடவை கேட்டாள். கிடைக்கும் என்று நான்காவது தடவையும் உட்காரவைத்துச் சொன்னேன். புதுப் பிள்ளை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுவும் வேலைதான்மா, கவனி" என்றேன்.

ஏன் இவ்வளவு கறார் என்று உனக்குத் தெரியும். உன் தாத்தா கதையை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாய். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை விரித்துப் பேர் கூப்பிடுவார். நான் பிறந்த அன்று தாத்தா மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடிவிட்டு, பத்து நிமிஷம் தாமதமாகப் போய் நின்றிருக்கிறார். "பேர் இல்லை, போ" என்று சொல்லிவிட்டார் கிராணி. அன்றைக்கும் மரம் சீவியிருக்கிறார், மங்கில் (கிண்ணத்தில்) வடிந்த பாலெடுத்து ஸ்டோரில் ஊற்றியிருக்கிறார், பேர் மட்டும் விழவில்லை. அந்த ஒரு நாள் சம்பளத்தைச் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1991-இல் எனக்குக் கல்லூரி ஆபீசில் வேலை கிடைத்தபோது பாட்டி தோட்டத்து லயம் வீடுகள் முழுக்கப் போய், "தெலுக்கான்சன்ல என் மக கிராணியாயிட்டா" என்று சொல்லி வந்தார். ஊர்ப் பேரை மாற்றி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது, பாட்டிக்கு மட்டும் அது கடைசிவரை தெலுக்கான்சன்தான். தாத்தா ஒன்றே ஒன்று சொன்னார்: "யார் பேரையும் வெட்டிறாத."

ஐயா, நான் ஒரு பேரை வெட்டியிருக்கிறேன்.

ஒப்படைப்பதற்காக இரும்பு அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருந்தேன். ஜன்னலோரம் இருக்குமே, அந்தச் சாம்பல் நிற அலமாரி. அதன் கீழறை பல வருஷமாகத் திறக்கவில்லை. சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு, ஆட்டி ஆட்டித் திறந்தோம். பாதிக் கோப்புகளைப் பூச்சி அரித்திருந்தது. 2007 கோப்பில் ஒன்றும் ஆகவில்லை. அதன் கடைசி உறைக்குள் உன் விண்ணப்பப் படிவம் இருந்தது. நீலப் பின்னணியில் உன் படம், மேலே துருப்பிடித்த கிளிப்பின் தடம். எதற்காக உதவி கேட்கிறீர்கள் என்ற இடத்தில், "என் பெற்றோரின் பாரத்தைக் குறைக்க" என்று எழுதி, 'பாரத்தை' என்பதை முதலில் தப்பாக எழுதி அடித்துத் திருத்தியிருந்தாய்.

அந்த வருஷம் மார்ச்சில் உனக்கு எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வந்தது. கல்லூரியின் கல்வி உதவி நிதியிலிருந்து சபைப் பிள்ளைகள் ஆறு பேருக்கு, ஆளுக்கு 3,000 வெள்ளி. படிவங்களை வாங்கி, சரிபார்த்து, பட்டியல் தட்டி, யாருக்கு என்று முடிவெடுக்கும் சபைக் கமிட்டிக்கு அனுப்புவது நான். ஆறு படிவம் வந்திருந்தது, உன்னுடையதையும் சேர்த்து. கடைசி நாள் சாயந்திரம் ஓர் அம்மா வந்தார். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறவர். காலில் சேற்றுப் பூட்ஸ். தரை அழுக்காகிவிடும் என்று வாசற்படியைத் தாண்டவே இல்லை, அங்கிருந்தே படிவத்தை நீட்டினார். மகளுக்கு அப்பா இல்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் பெருவிரல் ரேகை. நான் போய் வாங்கிக்கொண்டேன். இப்போது ஏழு.

உன் பேர் பட்டியலில் இருந்தால் கழிவது அந்தப் பிள்ளைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கமிட்டிக்கு டீ ஊற்றிக் கொடுப்பது நான், கூட்டக் குறிப்பு எழுதுவது நான்; என் முகத்துக்கு நேரே என் பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. இரவு ஏழு மணிவரை ஆபீசில் தனியாக உட்கார்ந்திருந்தேன். உன் படிவத்தை எடுத்து உறையில் போட்டு, கோப்பின் கடைசியில் சொருகினேன். ஆறு பேரைத் தட்டி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து உன்னிடம், "இந்த வருஷம் கமிட்டி வேற பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டாங்கப்பா" என்றேன்.

அந்தப் பிள்ளையைச் சேர்த்தது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இப்போது நர்ஸாக இருக்கிறாள், கிறிஸ்துமஸ் தோறும் அவள் அம்மாவோடு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். ஆனால் அன்று சாயந்திரமே உன்னை உட்காரவைத்து, "நீ இந்தத் தடவை விட்டுக்கொடு, நாம் வேறு வழி பார்க்கலாம்" என்று கேட்டிருக்கலாம். 18 வயதுப் பையன், புரிந்துகொண்டிருப்பாய். கேட்காமல் போனதற்கு நான் சொல்லிக்கொண்ட காரணம், உன் மனசு நோகும் என்பது. இப்போது யோசித்துப் பார்த்தால், நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்திருக்கிறேன். அப்புறம், கை சுத்தமான கிராணி என்ற பேர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கப் படிப்புக் கடனுக்கு எழுது என்றேன், கடன் வேண்டாம் என்றாய். ஏப்ரலில் பையைத் தூக்கிக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறினாய். பாலம் தாண்டிப் போய்ச் சிங்கப்பூர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் அந்த ஒரு கிலோமீட்டரைத் தாண்ட ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று ஒருமுறை போனில் சொன்னாய். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. டிப்ளோமாவை மெதுவாக, வேலை பார்த்துக்கொண்டே, உன் காசில் முடித்தாய். அதெல்லாம் உன் உழைப்பு. எனக்கு அதில் பங்கில்லை.

எனக்கு வலிப்பது வேறொன்று. கல்யாணத்துக்கு முந்தின இரவு பந்தலில் நாற்காலி அடுக்கிக்கொண்டே சொன்னாய்: "நம்ம சபை ஆளுங்களே நமக்குத் தர மாட்டாங்கம்மா. அன்னைக்கே பார்த்துட்டேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நீ கோயிலுக்குப் போவதைக் குறைத்தது எப்போதிலிருந்து என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கமிட்டி உன்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை, ஐயா. உன் படிவத்தை அவர்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

படிவம் கிடைத்தது ஒரு வியாழக்கிழமை. அந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. எங்கள் வரிசை எழுந்தது, நானும் எழுந்தேன், அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிற வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். பக்கத்தில் இருந்த அக்கா, "முழங்காலா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். பார், அங்கேயும் ஒரு பொய்.

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. தட்டில் இருந்தது முழுவதையும் ஆய்ந்து முடித்துக் காம்புகளைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்து, "பதினெட்டு வருஷமா அந்தக் கமிட்டி ஆளுங்ககிட்ட நான் முகம் கொடுத்துப் பேசல. தெரியுமா உனக்கு?" என்றார். எனக்குத் தெரியாது. செம்பனைக் குலை லாரி ஓட்டியவர், யாரிடமும் அதிகம் பேச மாட்டார், அதனால் வித்தியாசம் தெரியவில்லை. அவர்களில் ஒருவரின் அடக்கத்துக்கு அப்பா வேண்டுமென்றே போகவில்லையாம். தனக்குக் காய்ச்சல் என்று சொன்னார், நானும் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அன்று இரவு குடும்ப ஜெபத்தில் அப்பா ஒன்றும் பேசவில்லை, ஆமென் மட்டும் சொன்னார். மறுநாள் காலையில், "அவனுக்கு எழுது. போன்ல சொல்லாத" என்றார். ஆக, இந்தக் கடிதம் பாதி அவர் உத்தரவு.

ரொம்பக் கனமாகிவிட்டது. செப்டம்பரில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அவர் செய்த கூத்தைச் சொன்னேனா? நம் கொல்லையில் காய்த்த பூசணிக்காயைத்தான் காணிக்கையாகக் கொண்டுபோனோம். ஏலம் 40 வெள்ளியில் நின்றுவிட்டது. தன் காய்க்கு இவ்வளவுதானா என்று ரோஷம் வந்து, அவரே 80 என்று கத்தி, எடுத்து, மறுபடி வீட்டுக்கே தூக்கிவந்தார். நான்கு நாள் பூசணிக்காய் சாம்பார். நிதிக்கு 80 வெள்ளி லாபம் என்கிறார். ரசீது போட்டவள் நான்.

சரி, ஜொகூருக்கு வருவது. ஜனவரி கடைசியில் ஆடிட் முடியும். அதுவரை வாரத்தில் இரண்டு நாள் சும்மா போய்ப் புதுப் பிள்ளைக்குத் துணையாக இருந்துவிட்டு வருவேன், சம்பளம் கிடையாது, கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு வீட்டைப் பூட்டலாம், இதைப் படித்த பிறகும் நீ கூப்பிட்டால். அடுத்த வருஷக் கடைசியில் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூர் வுட்லண்ட்ஸுக்கு ரயில் ஓடப்போகிறது, ஐந்து நிமிஷப் பயணம் என்கிறார்கள். நீ நாலரைக்கு எழ வேண்டியிருக்காது. அதைப் பார்க்க எனக்கு ஆசைதான்.

கோபம் வந்தால் திட்டு. போனை எடுக்காமல் மட்டும் இருக்காதே. கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தால் இரவு பஸ் பிடித்து 24 காலையிலேயே இறங்கிவிடு. உனக்குப் பிடித்த சீ சியோங் ஃபன் (அரிசி மாவுச் சுருள்) மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. குட்டிக்குப் பச்சை மிளகாய் ஊறுகாயைத் தனியாக வைக்கச் சொல்லலாம். சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்று போனமுறையே அழுதாள்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: படிவத்தை உனக்கு அனுப்பவில்லை. அது கல்லூரிக் கோப்பு. அதன் ஓரத்தில், "கமிட்டியில் சமர்ப்பிக்கப்படவில்லை" என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டு, முதல்வரிடமும் காட்டிவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். உன் படத்தை மட்டும் கழற்றி இதோடு வைத்திருக்கிறேன். அதுவும் விதிப்படி தப்புதான்.