அந்த அரைமணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மனதில் இருப்பதைத் தமிழில்தான் எனக்கு முழுதாகச் சொல்ல வருகிறது. ஆங்கிலத்தில் என் மகள் எழுதித் தருவாள்.

குவேக்கர் கிறிஸ்தவர்களின் வழக்கப்படி எல்லோரும் பேசாமல் உட்கார்ந்து, மனதில் ஏதாவது தோன்றினால் மட்டும் எழுந்து சொல்லும் நம் பள்ளியின் புதன்கிழமை மௌனக் கூட்டத்தை அரைமணியிலிருந்து பத்து நிமிடமாகக் குறைத்து, மிச்ச நேரத்தைத் தேர்வுப் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டீர்கள். காரணங்களை உங்கள் மின்னஞ்சலில் படித்தேன். நான் கேட்பது ஒன்றுதான்: அந்த அரைமணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

இங்கிலாந்துக்கு வந்தபோது என் மகளுக்குப் பதினொரு வயது. திருநெல்வேலியில் வாய் ஓயாமல் பேசிய பிள்ளை. இங்கே வகுப்பில் யாரோ அவள் உச்சரிப்பை ஒருமுறை பேசிக் காட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம் ஆசிரியர் கேள்வி கேட்டாலும் தலையை மட்டும்தான் ஆட்டுவாள். மௌனக் கூட்டத்தில் மட்டும் அவள் பேசாமல் இருப்பது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. தலைமையாசிரியர்கூடப் பேசாமல்தானே உட்கார்ந்திருந்தார்! இரண்டாம் பருவத்தில் ஒரு புதன்கிழமை, தானாக எழுந்து நின்று, ஊரில் இறந்துபோன ஆச்சியைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கிறாள். "யாரும் கைதட்டலம்மா, திரும்பிக்கூடப் பார்க்கல. கேட்டுட்டு அப்படியே அமைதியா இருந்தாங்க" என்று அன்று ராத்திரி சொன்னாள். அடுத்த வாரம் வகுப்பில் கை தூக்கினாள்.

இப்போது அந்தப் பத்து நிமிடத்திலும் பாதி அறிவிப்புகளுக்குப் போய்விடுகிறதாம். "மூச்சு அடங்குறதுக்குள்ள மணி அடிச்சிருது" என்கிறாள். ஐந்து நிமிடத்தில் எந்தப் பிள்ளைக்கு எழுந்து நிற்கத் துணிவு வரும்?

உங்கள் நெருக்கடி தெரியாமல் இல்லை. 2025 ஜனவரியிலிருந்து கட்டணத்தின் மேல் 20 சதவீத வரி. 1702-இல் தோன்றிய சாஃப்ரன் வால்டன் குவேக்கர் பள்ளியே 2017-இல் மூடப்பட்டது. மதிப்பெண்ணைக் காட்டினால்தான் பிள்ளைகள் சேருவார்கள் என்று பயப்படுகிறீர்கள். மதிப்பெண் வாங்கித்தர இந்த நாட்டில் வேறு பள்ளிகளே இல்லையா? 1779-இல் ஜான் ஃபாதர்கில் என்ற குவேக்கர் மருத்துவர் ஆக்வொர்த் பள்ளியைத் தொடங்கியது வசதி குறைந்த குவேக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்காக. அப்படிப்பட்ட ஒரு குடும்பம் இன்று குவேக்கர் பள்ளியின் கட்டணப் பட்டியலைப் பார்த்தால் வாசலிலேயே திரும்பிவிடும். நாங்களே உதவித்தொகையில்தான் தாக்குப்பிடிக்கிறோம். எளியவர்களும் வர முடியாது, மௌனமும் இல்லை என்றால் பள்ளியின் பெயர்ப்பலகையில் குவேக்கர் என்ற சொல் எதற்கு?

சரி, கட்டணம் வேறு பேச்சு. முடிவெடுத்த விதம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. குவேக்கர் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது, எல்லோரும் பேசி, எல்லோரும் கேட்டு, கூட்டத்தின் மனம் ஒன்றுசேரும்வரை காத்திருந்துதான் கூட்டத்தை நடத்தும் கிளார்க் முடிவை எழுதுவார் என்று சேர்க்கை நாளில் எங்களுக்கு விளக்கியது நீங்கள்தான். இந்த முடிவுக்கு முன் எந்தப் பிள்ளையிடம் கேட்டீர்கள்?

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளி என் பிள்ளைக்குச் செய்த நல்லதை நான் மறக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் பிள்ளைகளையும் உட்காரவைத்து இதைப் பேசுங்கள். அந்த அரைமணி நேரத்தைத் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்.

மரியாதையுடன்,
உங்கள் மாணவி ஒருத்தியின் அம்மா