சூத்திரத்தை போட்டோ எடுக்காதீர்கள்: தமிழ்வழிக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பும் வினாத்தாள்களைப் பிள்ளைகள் பெரும்பாலும் செல்போனில்தான் படிக்கிறார்கள். கேள்வி தெளிவாக இருக்கிறது. சூத்திரம் மட்டும் எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய மங்கல் படம். பெரிதாக்கிப் பார்த்தாலும் அடுக்கு 2-ஆ 3-ஆ என்று தெரிவதில்லை. அடுக்கு மாறினால் கணக்கே மாறிவிடுமே!

கணிதச் சூத்திரங்களை அச்சுத் தரத்தில் அமைக்கும் லேடெக் மென்பொருளைப் போட்டால் கணினி தாங்காது என்கிறீர்கள். நியாயம்தான். லேடெக்கை நிறுவ உதவும் டெக் லைவ் முழுத்தொகுப்பு பல ஜிபி இடத்தை விழுங்கும். ஆனால் ஒரு பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் படமாக்க அத்தனை பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை.

பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப் என்ற நிரல் தொகுப்பு இலவசம். அதற்குள்ளேயே மேத்டெக்ஸ்ட் என்றொரு பகுதி இருக்கிறது. லேடெக்குக்கு அடிப்படையான டெக் மென்பொருளுக்குக் கணினி அறிஞர் டொனால்ட் நூத் வகுத்த, குறிகளை அடுக்கும் முறையைத்தான் அதுவும் பின்பற்றுகிறது. தேவையான எழுத்துருக்களும் கூடவே வந்துவிடும். இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே சூத்திரத்தை லேடெக் பாணியில் எழுதி, கோப்புப் பெயரோடு 'மேத் டு இமேஜ்' (math_to_image) என்ற நிரல் சார்புக்குக் கொடுங்கள். படம் தயார். பாடநூல் எழுத்துபோல வேண்டுமென்றால் எழுத்துருவை டெக்கின் வழக்கமான எழுத்துருவான கம்ப்யூட்டர் மாடர்னுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

படத்தை எஸ்விஜி (SVG) என்ற கோப்பு வடிவில் சேமியுங்கள் என்பதுதான் என் முக்கியமான வேண்டுகோள். அதில் எழுத்துகள் கோட்டுருவங்களாகவே பதிவாகின்றன. எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது, மாணவரின் போனில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. பழைய வேர்ட் எஸ்விஜியை ஏற்காவிட்டால், சரி, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) பிஎன்ஜி (PNG) படமாக எடுங்கள்.

தமிழ்ச் சொற்களை மட்டும் சூத்திரத்துக்குள் எழுத வேண்டாம். மேத்டெக்ஸ்ட் ஒவ்வொரு குறியையும் தனித்தனியாக வைப்பதால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும், அல்லது வெறும் கட்டங்கள்தான் வரும். தமிழ் வாக்கியம் வெளியே இருக்கட்டும்.

பிளஸ் டூ கணிதத்தின் முதல் பாடமே அணிகள், அணிக்கோவைகளின் பயன்பாடுகள்தான். அங்கே மேத்டெக்ஸ்ட் கைகொடுக்காது. அணியை அடுக்கும் வசதி அதில் இல்லை. அதற்கு, இணைய உலாவியில் சூத்திரங்களைக் காட்டும் மேத்ஜேக்ஸ் என்ற நிரல் இருக்கிறது. அதுவும் எஸ்விஜி தரும், அதற்கும் டெக் லைவ் தேவையில்லை.

அப்புறம், பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானுக்குப் படம் வெறும் படம்தான். "எக்ஸ் வர்க்கம் கூட்டல் மூன்று எக்ஸ்" என்று ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுதிவிடுங்கள். சூத்திரத்தின் மூலவரியையும் படத்தோடு ஒரு கோப்பில் வைத்திருங்கள். அடுத்த ஆண்டு எண்ணை மட்டும் மாற்றிப் புதுக் கேள்வி போட்டுவிடலாம்.

அன்புடன்,
தமிழ்வழியில் கணிதம் படித்த ஒரு மென்பொருள் பணியாளர்