ஐந்துக்கு எத்தனை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திரைப்பட விழாச் சிறப்புப் பக்கங்களில் தாங்கள் வெளியிட்ட மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். புதிய சுயாதீனப் படங்களின் பெயர்களும், எதிரே ஐந்துக்கு இரண்டு, ஐந்துக்கு மூன்று என்று நட்சத்திரங்களும் இருந்தன. ஏன் இரண்டு, ஏன் மூன்று என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை. பெரிய நிறுவனத்தின் படமென்றால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அதற்கு விளம்பரம் உண்டு, தெரிந்த முகங்கள் உண்டு. இரண்டு நட்சத்திரத்தையும் தாங்கிக்கொள்ளும். விழாவில் முதன்முறையாகத் திரையேறும் சுயாதீனப் படத்துக்குப் பெரும்பாலும் விநியோகஸ்தர்கூட அமைந்திருக்க மாட்டார். அதைப் பற்றி அச்சில் வரும் முதல் தகவலே தங்கள் பட்டியலில் உள்ள அந்த எண்ணாக இருக்கலாம்.

விழா அரங்குகளில் மதிப்பெண் எப்படி விழுகிறது என்று கவனித்து வருகிறவன் நான். ஒன்று முதல் ஐந்து வரை எண்கள் அச்சிட்ட சிறு அட்டையை நுழையும்போதே தருவார்கள். விருப்பமான எண்ணின் ஓரத்தைக் கிழித்து, வெளியே வரும்போது தன்னார்வலர் நீட்டும் பெட்டியில் போட வேண்டும். ஒரு திரையிடலில் பக்கத்து இருக்கைக்காரர், படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும் முன்பே இரண்டைக் கிழித்துவிட்டார். பிறகு இயக்குநர் மேடைக்கு வந்தார். படத்தில் பின்னணி இசையே இல்லாததற்குக் காரணம் கேட்டார்கள். அந்த வீட்டில் தண்ணீர் வரும் ஓசையும் கதவின் ஓசையும்தான் அந்தப் பெண்ணுக்குத் துணை, அதன்மேல் இசையைப் போட மனம் வரவில்லை என்றார். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய் வேறு அட்டை கேட்டு வாங்கி நான்கைக் கிழித்தார். அவர் நேர்மையான ரசிகர். ஆனால் பயணச் செலவுக்கு வழியில்லாமல் இயக்குநர் வராமல் போன படத்துக்கு அந்த இரண்டு இரண்டாகவே நின்றிருக்கும்.

உடனடித் தீர்ப்பு எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு பிரான்சில் நடக்கும் கான் திரைப்பட விழாவின் 1960-ஆம் ஆண்டே சாட்சி. இத்தாலிய இயக்குநர் மிக்கேலாஞ்சலோ அன்டோனியோனியின் 'லாவெந்தூரா' திரையிடப்பட்டபோது அரங்கம் கேலியாகச் சிரித்தது, கூச்சலிட்டது. மறுநாளே இயக்குநர் ரொசெலினி உள்ளிட்ட திரைக்கலைஞர்களும் விமர்சகர்களும் படத்தை ஆதரித்து அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்த விழாவிலேயே நடுவர் குழுப் பரிசும் கிடைத்தது. 1962-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் உலகின் சிறந்த படங்களில் இரண்டாம் இடம் பெற்றது. அன்றிரவு வாசலில் அட்டை வாங்கியிருந்தால் அதன் சராசரி என்னவாகியிருக்கும்?

சராசரி என்ற கணக்கின்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. அரங்கில் பாதிப் பேர் ஐந்தும் மீதிப் பேர் ஒன்றும் போட்ட படத்துக்குச் சராசரி மூன்று. எல்லாரும் 'பரவாயில்லை' என்று மூன்று போட்ட படத்துக்கும் அதே மூன்று. முதல் படம் சண்டையை மூட்டியிருக்கிறது. அதைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டாவதை இரண்டே வாரத்தில் மறந்துவிடுவோம். விழாக்கள் முக்கியமாக எந்த வகைப் படங்களுக்காக நடக்கின்றனவோ, அவைதாம் இந்தக் கணக்கில் காணாமல் போகின்றன. வாக்களித்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுவதும் இதே போன்றதுதான். சிறிய அரங்கில் ஐம்பது பேர் தந்த நான்கும் பெரிய அரங்கில் ஐந்நூறு பேர் தந்த நான்கும் ஒன்றாகிவிடுமா?

பார்வையாளர் வாக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கனடாவின் டொராண்டோ திரைப்பட விழாவில் 1978 முதல் பார்வையாளர்களே ஒரு விருதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1989-இல் சுயாதீனப் படங்களுக்கான அமெரிக்க விழாவான சண்டான்ஸில் பார்வையாளர் விருது பெற்ற ஸ்டீவன் சோடர்பெர்கின் முதல் கதைப்படம், அதே ஆண்டு கானின் உயரிய விருதான தங்கப் பனையையும் வென்றது. நடுவர்களுக்கு முன்பே பொதுமக்கள் ஒரு புதியவரைக் கண்டுகொண்டதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வாக்கைக் கவனமாகக் கையாளுங்கள் என்று மன்றாடுகிறேன். விழாக்குழுவினர் மறுநாள் மாலைவரை வாக்களிக்க விடலாம். சராசரியோடு எந்த எண்ணுக்கு எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதையும் வெளியிடலாம். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

தங்களிடம் கேட்பது வேறு. அடுத்த விழாவின்போது, இயக்குநரின் முதல் படமாக வருபவற்றுக்காவது நட்சத்திரத்தை விட்டுவிட்டு நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்: படம் என்ன செய்ய முயல்கிறது, எங்கே கைகூடியது, எங்கே தடுமாறியது, யார் பார்க்கலாம். பக்கத்தில் இடம் போதாது என்றால், விரைவில் திரையரங்குக்கு வரப்போகும் பிரபல இயக்குநர்களின் படங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவற்றுக்குத் தாங்கள் எப்படியும் முழுப்பக்க விமர்சனம் வெளியிடுவீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்